புண்ணாக்கு போட்டால் இறால் வளராதா?

"ஏன் மாப்ளே, ரோகுக்குப் போட்ட அதே கடலைப் புண்ணாக்கைத்தான் இதுக்கும் போடுறேன். அது வளந்துச்சு, இது ஏன் வளர மாட்டேங்குது?"

பர்மாவின் ஐராவதி டெல்டாவில், பியாபோன் பக்கம் குத்தகைக்கு எடுத்த உப்புநீர்க் குளத்தின் கரையில் நின்று மாமா கேட்ட கேள்வி இது. அதே டெல்டாவில் மௌபினில் இருபது வருடம் ரோகு மீன் வளர்த்தவர். தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் எந்த அளவில் கலந்தால் மீன் எப்படித் தேறும் என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். இறாலுக்கு மாறியது போன வருடம்தான். பர்மாப் பணமான கியாத்தின் மதிப்பு விழ விழ இறால் தீவன மூட்டையின் விலை ஏறிக்கொண்டே போக, பாதி தீவனம் பாதி புண்ணாக்கு என்று போட்டுப் பார்த்திருக்கிறார். மூன்றாம் மாதம் வலை வீசிப் பார்த்தால் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, பல இறால்கள் விரல் பருமன்கூட இல்லை.

நான் யாங்கோனில் தீவனம் கலக்கும் சிறிய ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். மாமா கேட்டதையே குளம் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் சிலரும் போன் போட்டுக் கேட்கிறார்கள். "மாற்றுப் புரதம், மாற்றுப் புரதம்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன? நம்ம ஊர்ல கிடைக்கிறத வச்சு செய்ய முடியுமா?" அன்றைக்கு மாமாவுக்குக் கரையில் உட்கார்ந்து சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் எதற்கு மாற்று என்று தெரிய வேண்டும். இறால் தீவனத்தில் பல காலமாக மீன்தூள்தான் ராஜா. சின்னச் சின்ன மீன்களை வேகவைத்து, பிழிந்து எண்ணெயும் தண்ணீரும் எடுத்து, உலர்த்தி அரைத்தால் வருவது. ஒரு கிலோ தூளுக்கு நாலைந்து கிலோ பச்சை மீன் வேண்டும். தூளில் 60 முதல் 70 சதவீதம் புரதம். உலகத்துக்கு அதிகமாக மீன்தூள் தருவது பெரு நாட்டுக் கடலில் பிடிபடும் நெத்திலி இனம். 2023-ல் எல் நினோவால் கடல் சூடாகி, வலையில் குஞ்சு மீன்களாகவே வந்ததால், அந்த ஆண்டின் முதல் பருவ மீன்பிடிப்பையே அந்த நாடு ரத்து செய்தது. உலகம் முழுக்க மீன்தூள் விலை ஏறியது. எங்கோ பசிபிக் கரையில் கடல் சூடானால் இங்கே டெல்டாவில் தீவன மூட்டை விலை ஏறும்.

நம் ஊருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய காரணம். தூளாக அரைபடும் அந்தப் பொடி மீனும் கூனி இறாலும்தான் இங்கே ஙப்பி என்னும் உப்பிட்ட விழுதாகிறது. பர்மாவில் ஏழை வீட்டுச் சோற்றுக்கு ருசியும் சத்தும் தருவது ஙப்பி. ஏற்றுமதி இறாலின் வயிற்றுக்கும் இந்த ஊர்க்காரன் சோற்றுத் தட்டுக்கும் ஒரே மீன் போட்டியில் நிற்பது எனக்கு உறுத்துகிறது.

சரி, மாமாவின் கேள்விக்கு வருவோம்.

புரதம் என்பது ஒரே பொருள் கிடையாது. அமினோ அமிலங்கள் என்னும் இருபது வகைச் சிறு துண்டுகளைக் கோத்தது. அவற்றில் பத்தை இறாலால் தன் உடம்புக்குள் செய்துகொள்ள முடியாது. தீனியிலிருந்துதான் வர வேண்டும். லைசினும் மெத்தியோனினும் அந்தப் பத்தில் அடிக்கடி குறைந்துபோகும் இரண்டு. தீவனம் கலக்குகிறவர்கள் நாள் முழுக்க உச்சரிக்கும் பெயர்கள் இவை.

கோயில் திருவிழாவுக்குக் கதம்பம் கட்டும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். நாலு மல்லி, இரண்டு கனகாம்பரம், ஒரு கொத்து மரிக்கொழுந்து என்று ஒரு கணக்கில் கை போய்க்கொண்டே இருக்கும். மரிக்கொழுந்து தீர்ந்துவிட்டால், கூடை நிறைய மல்லி இருந்தாலும் அந்தக் கதம்பம் அதோடு நின்றது. இறால் தன் சதையைக் கட்டுவதும் இப்படித்தான். கடலைப் புண்ணாக்கில் புரதம் 45 சதவீதம் அளவுக்கு இருக்கிறது, ஆனால் லைசினும் மெத்தியோனினும் குறைவு. அந்த இரண்டும் தீர்ந்த இடத்தில் சதை கட்டுவது நின்றுபோகும்.

மிஞ்சிய மல்லி வாடும். மிஞ்சிய அமினோ அமிலம் என்ன ஆகும்? இறால் அதைச் சேர்த்துவைக்காது. உடைத்து எரிசக்தியாக்கிக்கொண்டு, மீதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீரில் விட்டுவிடும். அம்மோனியா ஏறினால் இறாலுக்கு மூச்சுத் திணறும், நோய்க்கு வாசல் திறக்கும். பொருந்தாத புரதத்துக்கு ஒரு முறை காசு கொடுக்கிறோம். அது கெடுத்த தண்ணீரை மாற்ற டீசலுக்கு இன்னொரு முறை கொடுக்கிறோம்.

மூட்டையில் அச்சடித்த புரதச் சதவீதத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஆய்வகத்தில் யாரும் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். மீன்தூளில் யூரியா கலந்தால்கூட அந்த எண் ஏறும். யூரியா தின்று இறால் வளராது.

"அப்போ ரோகு மட்டும் எப்படி வளந்துச்சு?" என்று மாமா விடவில்லை. விடக்கூடாத கேள்விதான்.

ரோகுக்குப் புரதத் தேவையே குறைவு, 25 முதல் 30 சதவீதம் போதும். வன்னமேய் என்னும் வெள்ளைக்கால் இறாலுக்குச் சுமார் 35, புலி இறாலுக்கு 40 அளவுக்கு வேண்டும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மௌபின் குளத்தில் மாமா போட்ட புண்ணாக்கில் ஒரு பகுதியைத்தான் ரோகு நேராகத் தின்றது. மீதி கரைந்து, குளத்துக்கே உரமாகி, பாசியும் நுண்ணுயிர்களும் பூச்சி புழுக்களும் பெருகின. ரோகு அவற்றைத் தின்றது. அவர் குளத்துக்குச் சோறு போட்டார், குளம் மீனுக்குச் சோறு போட்டது. புண்ணாக்கில் குறைவாக இருந்த லைசினையும் மெத்தியோனினையும் அந்தப் பூச்சி புழுக்கள் ஈடுகட்டிவிட்டன.

மேற்குப் பர்மாவின் ராக்கைன் கரையில் அந்தக் காலத்திலிருந்து நடக்கும் இறால் குளங்களிலும் இதே கதைதான். கடல் ஏறும் நேரத்தில் மதகைத் திறந்து தண்ணீரோடு குஞ்சுகளை உள்ளே விட்டு, அடைத்துவைத்து வளர்ப்பார்கள். தீவனம் கிடையாது, அல்லது பேருக்குத்தான். பரந்த குளத்தில் சிதறலாக இறால் இருப்பதால் தரையில் முளைப்பதே அவற்றுக்குப் போதும். மாமாவின் புதுக் குளம் அப்படியில்லை. தண்ணீரில் காற்றைக் கலக்கும் காற்றாடி சுற்ற, சதுர மீட்டருக்கு முப்பது நாற்பது குஞ்சு விட்டிருக்கிறார். அந்தக் கூட்டம் குளத்தில் இருக்கும் பூச்சி புழுவைச் சில நாளிலேயே துடைத்துவிடும். அதற்குப் பிறகு இறாலுக்குத் தீவனம்தான் கதி. தீவனத்தில் எது குறைகிறதோ அது உடம்பிலும் குறையும். மாற்றுப் புரதத்தைப் பற்றி யார் பேசினாலும், எவ்வளவு நெருக்கமான குளத்துக்கு என்று முதலில் கேளுங்கள்.

மீன்தூளை எடுத்துவிட்டு அதே அளவு புரதத்துக்கு வேறொன்றைப் போட்டால் ஏன் இறால் தேங்கிப்போகிறது என்பதற்கு இன்னும் பாதி பதில் பாக்கி இருக்கிறது. மீன்தூள் புரதத்தை மட்டும் சுமந்து வருவதில்லை. இறாலால் கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்ள முடியாது. நமக்கு அது வேண்டாத சொல். இறாலுக்கோ தோல் உரிக்கும் ஹார்மோனே அதிலிருந்துதான் வர வேண்டும். தோல் உரிக்காமல் இறால் வளராது. செடியில் கொலஸ்ட்ரால் பெயருக்குத்தான் இருக்கும். மீன்தூளோடு தானாகவே வந்த பாஸ்பரஸ் செடிப் பொருள்களிலும் உண்டு, ஆனால் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற பூட்டுக்குள் கிடக்கும். இறாலின் குடலுக்கு அந்தப் பூட்டைத் திறக்கச் சாவி இல்லை. ஒமேகா 3 கொழுப்பும் அப்படியே மீனோடு வந்ததுதான்.

கடைசியாக வாசனை. இறால் கண்ணால் தீனி தேடுவதில்லை. தலை முன்னால் ஆடும் சிறு உணர்கொம்புகளால் தண்ணீரில் கரைந்து வரும் ருசியை முகர்ந்து வருகிறது. தீனி எடுக்கிறதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கும் வலைத் தட்டுக்குச் செக் ட்ரே என்று பெயர். அன்றைக்கு அதில் இரண்டு வகை உருண்டை போட்டுக் காட்டினேன். ஒரு பக்கம் கடைத் தீவனம், மறுபக்கம் மாமா கையால் பிடித்த புண்ணாக்கு உருண்டை. இருபது நிமிடம் கழித்துத் தட்டைத் தூக்கினோம். கடைத் தீவனத்துப் பக்கம் இறால்கள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றும் முன்காலின் சிறு இடுக்கியால் ஒரு துண்டைப் பிடித்து, வாயருகே வைத்து, உருட்டி உருட்டிச் சுரண்டிக்கொண்டிருந்தது. மறுபக்கம் ஒன்றிரண்டு வந்து தொட்டுப் பார்த்துவிட்டு விலகின. அதற்குள் புண்ணாக்கு உருண்டை கூழாகி ட்ரேயின் வலைக் கண் வழியே வழிந்துகொண்டிருந்தது.

இந்தக் கூழ் விஷயம் சின்னதாகத் தெரியும். மீன் கவ்வி விழுங்கும். இறால் கையில் வைத்து மெல்ல மெல்லக் கொறிக்கும். எனவே உருண்டை தண்ணீரில் குறைந்தது இரண்டு மணி நேரம் உடையாமல் நிற்க வேண்டும். வீட்டிலேயே பார்க்கலாம்: ஒரு கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீர் எடுத்து, பத்து உருண்டை போட்டு, மணி பார்த்து வையுங்கள். நன்றாக அரைத்து, கோதுமை மாவு மாதிரி பிடிமானம் தருவதைச் சேர்த்து, ஆவியில் வேகவைத்து அச்சில் பிழிந்தது நிற்கும். கையால் பிடித்தது நிற்காது. நேற்றுவரை "புண்ணாக்கு மோசம்" என்று பழி சுமந்தது பல இடங்களில் புண்ணாக்கு அல்ல, அதன் அரைப்பும் பிடிப்பும்தான்.

ஆக, மாற்றுப் புரதம் என்றால் மீன்தூள் செய்துகொண்டிருந்த அத்தனை வேலைகளையும் வேறு பல கைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது. ஒரே மாற்று என்று ஒன்று இல்லை. சரி, யார் யார் வேலைக்கு வருகிறார்கள்?

சோயாப் புண்ணாக்குதான் இன்று உலகம் முழுக்க முதல் ஆள். புரதம் 44 முதல் 48 சதவீதம், லைசின் நன்றாக உண்டு, மெத்தியோனின் குறைவு. பச்சை சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று இருக்கிறது, சரியான சூட்டில் அது அழிந்துவிடும். அதனால் வறுபடாத சோயாவை அரைத்துப் போடக்கூடாது.

எள்ளுப் புண்ணாக்குக்குக் குணம் நேர்மாறு: மெத்தியோனின் அதிகம், லைசின் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது மூடும். நம் பாட்டிமார் அரிசியோடு உளுந்து சேர்த்து இட்லிக்கு அரைத்தது இதே கணக்குதான். அரிசியில் லைசின் குறைவு, உளுந்தில் மெத்தியோனின் குறைவு, சேர்ந்தால் முழுமை. எள்ளும் கடலையும் மக்வே, மாந்தலே, சகாயிங் வறள்மண்டலத்தில் விளைந்து செக்குக்கும் எண்ணெய் ஆலைக்கும் போகின்றன. யாங்கோன் பயின்னவுங் சந்தையில் புண்ணாக்கு எப்போதும் உண்டு. இறக்குமதி சோயாவுக்கு முழுக்கக் கைகட்டி நிற்காமல் இருக்க நமக்கு இது பெரிய பலம்.

ஆனால் கடலைப் புண்ணாக்கில் ஒரு பயம் இருக்கிறது. இங்கே மழைக்காலம் என்றால் மாதக்கணக்கில் சுவரே வியர்க்கும். ஈரம் பட்ட புண்ணாக்கில் பச்சைப் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகும். பூஞ்சையைத் தட்டிவிட்டு வெயிலில் காயவைத்தால் போகும் என்று நினைத்து ஒரு முறை எங்கள் ஆலையிலேயே கலந்துவிட்டோம். பூஞ்சை போனது, நஞ்சு போகவில்லை. வேகவைத்தாலும் முழுக்கப் போகாது. அது இறாலின் தலைப்பகுதியில் இருக்கும் ஈரலைத் தாக்கும். வளர்ச்சி நிற்கும், ஓடு மெலியும். அந்தத் தீவனம் வாங்கியவரின் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து முகர்ந்து பார்த்து, உடைத்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் திருப்பி அனுப்புகிறோம். ஆமணக்குப் புண்ணாக்கைப் பற்றி ஒரே வரி: அது கொல்லும் நஞ்சு, எந்தத் தீவனத்திலும் கிட்டவே சேர்க்காதீர்கள்.

கோழி வெட்டும் இடத்தில் மிஞ்சும் தலை, குடல், எலும்பை வேகவைத்து உலர்த்தி அரைத்த கோழிக் கழிவுத் தூள், நான் மிகவும் மதிக்கும் பொருள். புரதம் 60 சதவீதத்தை ஒட்டி வரும், லைசினும் மெத்தியோனினும் ஓரளவு சீராக இருக்கும், செடிகளில் உள்ள தடைப் பொருள்கள் கிடையாது, கொலஸ்ட்ராலும் கொஞ்சம் உண்டு. சோயாவும் இதுவும் சேர்ந்து, குறைவதை மேலே சேர்த்தால், வன்னமேய் தீவனத்தில் மீன்தூளை மிகவும் குறைத்துவிட முடியும் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புலி இறால் இவ்வளவு எளிதில் இணங்காது. கோழி இறகிலும் புரதம் ஏராளம். ஆனால் அதிக அழுத்தத்தில் வேகவைத்து உடைக்காவிட்டால் இறால் அதைச் செரிக்காது. உள்ளே போனபடியே வெளியே வரும்.

ஏற்றுமதி ஆலைகளில் ஒதுக்கும் இறால் தலையைச் சிலர் மலிவாக வாங்குகிறார்கள். வாசனைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் அதைப் போல வேறொன்று இல்லை. ஆனால் இறாலுக்கு இறாலையே தீனி போடும்போது வெண்புள்ளி வைரஸ் மாதிரி நோயும் கூடவே வரலாம். சரியாக வேகவைத்ததா என்று கண்ணால் பார்க்காமல் நான் வாங்க மாட்டேன்.

அடுத்தது பூச்சி. யாங்கோன் தெருவோரத்தில் பயிட்ஜோ என்று பூச்சி வறுத்து விற்கும் ஊரில் இதைச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. தீவனத்துக்கு வளர்ப்பது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. காய்கறிக் கழிவையும் சோற்றுக் கழிவையும் தின்று இரண்டு வாரம் போல வளர்ந்துவிடும். உலர்ந்த புழுவில் புரதம் 40 சதவீதம் அளவு, கொழுப்பு 30 அளவு. கொழுப்பைப் பிழிந்தால் புரதம் 50-க்கு மேலே போகும். இங்கேயும் 6.25 கணக்கை மறக்காதீர்கள்: புழுவின் தோலில் உள்ள கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு, அதனால் அச்சிட்ட எண் உண்மையான புரதத்தைவிடக் கொஞ்சம் கூடவே காட்டும். காய்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சின்ன அளவில் தொட்டி வைத்துப் பார்க்கலாம். ஆலை அளவுக்கு மாதாமாதம் ஒரே தரத்தில் கிடைப்பதுதான் கஷ்டம்.

நுண்ணுயிர்ப் புரதம் பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஈஸ்ட், மீத்தேன் வாயுவைத் தின்று வளரும் பாக்டீரியா என்று வெளிநாடுகளில் ஆலைகளே வந்துவிட்டன. நம் ஊரிலேயே புடலின் அருகே ட்வின்தாங் எரிமலை ஏரியில் ஸ்பைருலினா தானாக விளைகிறது. புரதம் 60 சதவீதத்துக்கு மேல். மனிதர்களுக்கு மாத்திரையாக விற்கும் பொருளை இறாலுக்கு மூட்டை மூட்டையாகப் போட யாராலும் கட்டுப்படியாகாது. ஒன்றிரண்டு சதவீதம் சேர்த்தால் நிறத்துக்கும் உடல் தெம்புக்கும் உதவும், அவ்வளவுதான்.

மாமா மாதிரி ஆட்களுக்கு நுண்ணுயிர்ப் புரதம் வேறொரு வாசல் வழியாக வரும். குளத்தில் வெல்லப்பாகு போன்ற மாவுச்சத்து, சர்க்கரைச் சத்து சேர்த்து, காற்றும் நன்றாக அடித்தால், பாக்டீரியாக்கள் தண்ணீரில் உள்ள அம்மோனியாவைத் தின்று பெருகி, பாசியோடு சேர்ந்து சின்னச் சின்னத் துகள்களாகத் திரளும். அதைப் பயோஃப்ளாக் என்கிறார்கள். இறால் அந்தத் துகளைப் பிடித்துத் தின்னும். வீணான புரதம் ஒரு சுற்று சுற்றி மறுபடி தீனியாகிறது. ஆனால் கரண்ட் போய்க் காற்றாடி நின்றால் அந்தப் பாக்டீரியாக் கூட்டமே இருக்கும் ஆக்சிஜனையெல்லாம் உறிஞ்சிவிடும். நம் ஊர்க் கரண்டை நம்பி இதில் இறங்க வேண்டாம். ஜெனரேட்டரும் டீசலும் கையில் இருந்தால் மட்டும்.

குறையும் மெத்தியோனினையும் லைசினையும் தனித் தூளாக வாங்கிச் சேர்க்கலாமே என்று கேட்பார்கள். சேர்க்கலாம், ஆலைகள் சேர்க்கின்றன. ஆனால் இறால் கொறித்துக் கொறித்துத் தின்பதற்குள் அந்தத் தூள் தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். அதனால் மேலே பூச்சுப் போட்ட வகைகளைத்தான் இறாலுக்குப் பயன்படுத்துகிறார்கள். கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் சாதா மெத்தியோனினை அப்படியே அள்ளிப் போட்டால் பாதிக்கு மேல் குளத்துக்குத்தான் போகும்.

எல்லாம் கேட்டுவிட்டு மாமா நேராக விலைக்கு வந்தார். "எள்ளுப் புண்ணாக்கு வீசை என்ன விலை?" நம் பர்மா வீசை 1.63 கிலோ. விலை சொன்னேன். ஆனால் தீவனம் வீசை என்ன விலை என்பது பாதிக் கணக்கு. ஒரு வீசை இறால் எடுக்க எத்தனை வீசை தீவனம் போனது என்பதோடு அதைப் பெருக்க வேண்டும். சும்மா ஒரு எண் வைத்துக்கொள்வோம். நல்ல தீவனம் வீசை 100, ஒரு வீசை இறாலுக்கு அது 1.4 வீசை போகிறது: செலவு 140. மலிவுக் கலவை வீசை 80, ஆனால் 1.9 வீசை போகிறது: செலவு 152. இருபது மிச்சம் பிடித்ததாக நினைத்தவருக்குப் பன்னிரண்டு நட்டம், அதுவும் தண்ணீர் கெட்ட செலவைச் சேர்க்காமல்.

மாமா பீடியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழுக் குளத்திலும் கை வைக்காமல், ஓரத்தில் வலையடித்து இரண்டு சின்னத் தடுப்பு கட்டுவதாகப் பேசி முடித்தோம். ஒன்றில் கடைத் தீவனம் மட்டும். மற்றதில் மீன்தூளைப் பாதியாகக் குறைத்து, சோயா, எள்ளு, கோழித் தூள் சேர்த்து எங்கள் ஆலையில் பிழிந்து தருவது. இரண்டிலும் ஒரே எண்ணிக்கைக் குஞ்சு. வாரம் ஒரு முறை ஐம்பது இறாலைப் பிடித்து எடை போட்டு நோட்டில் எழுத வேண்டும். ட்ரேயில் மிஞ்சியதையும் எழுத வேண்டும்.

போன வாரம் மூன்றாவது எடையைப் போனில் படித்தார். இரண்டு தடுப்புக்கும் ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்லை. "இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு மாப்ளே, அவசரப்படாத" என்று எனக்கே சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.